காய்ச்சல் நின்னுடுச்சு, ரத்தம் ஏறலையே டாக்டரம்மா?

ரங்கூனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 26 வருஷம் வேலை பார்த்தேன். மோன் மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இந்த மழைக்காலத்தில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாமே மலேரியாவையும் ரத்தசோகையையும் பற்றியவை. இங்கே அடிக்கடி வரும் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் இரண்டும் மலேரியாக் கிருமியின் வகைகள். ஹீமோகுளோபின் எண்கள் நூறு மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு.

மோல்மேனிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு ஆறு வயசு. ஃபால்சிபாரம் மலேரியான்னு மூணு நாள் மாத்திரை கொடுத்தாங்க. ரெண்டாம் நாளே காய்ச்சல் நின்னுடுச்சு. அன்னைக்கு ஹீமோகுளோபின் 8.9. ஆறு நாள் கழிச்சுப் பார்த்தா 7.8. மருந்து வேலை செய்யலையா?

பயப்படாதீர்கள் அம்மா. காய்ச்சல் நின்ற பிறகும் சில நாள் ஹீமோகுளோபின் இறங்குவது வழக்கம்தான். மருந்து கிருமியைக் கொன்றுவிடும். ஆனால் அடிபட்ட சிவப்பணுக்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மண்ணீரல் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து அழிக்கும். முதல் வாரத்தில் அளவு தாழ்ந்து, பிறகு மெல்ல ஏறும். பழைய நிலைக்கு வர ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். விரல் நுனி ரத்தத்தை மறுபடி கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிருமி இல்லையென்றால் நான் சொன்னதுதான் நடக்கிறது. இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். நம் பக்கத்தில், மலேரியாவுக்கு முக்கிய மருந்தான ஆர்ட்டிமிசினினுக்கு மசியாத ஃபால்சிபாரம் உண்டு, அதனால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அதே வகை மருந்தான ஆர்ட்டிசுனேட்டை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அவர்களில் சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் ரத்தம் திடீரென்று குறையும்.

தட்டோனிலிருந்து ஓர் ஆசிரியர்: என் தங்கைக்கு நூறு அணுவில் ஒன்றில்தான் கிருமி என்றார்கள். மீதி 99 நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் ரத்தம் பாதியாகக் குறைந்தது?

கிருமி புகுந்த அணு 48 மணி நேரத்தில் வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கை மட்டும் போட்டால் உங்கள் தங்கையின் ரத்தம் இவ்வளவு இறங்கியிருக்கக் கூடாது. ஃபால்சிபாரத்தில் கிருமி புகுந்த ஓர் அணு போனால், கிருமி புகாத நல்ல அணுக்கள் ஏறக்குறைய எட்டு கூடவே போகின்றன. வைவாக்ஸில் அது முப்பதையும் தாண்டும். நோயில் நல்ல அணுவின் தோலும் விறைத்துப்போகிறது. மண்ணீரலின் சந்துகளில் வளைந்து நெளிந்து நுழைய முடியாமல் மாட்டிக்கொள்கிறது. மலேரியாக்காரரின் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கித் தட்டுப்படுவது இதனால்தான்.

அவரே மீண்டும்: சரி டாக்டர், போனது போகட்டும். உடம்பு புதுசாகச் செய்துகொள்ளாதா?

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

நல்ல உடம்பில் எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற சுரப்பை அனுப்பி "இன்னும் செய்" என்று மஜ்ஜையை விரட்டும். வெட்டுக்காயத்தில் ரத்தம் போனவருக்கு ஒரு வாரத்துக்குள் இளம் சிவப்பணுக்கள் குபுகுபுவென்று வெளியே வருவதை நாங்கள் கண்ணாடியில் பார்ப்போம். மலேரியாக்காரரின் கண்ணாடியில் அதைக் காண முடியாது. ரத்தம் அதலபாதாளத்தில் இருக்கும், இளம் அணுக்களோ விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். சிறுநீரகம் கூப்பிடுகிறது, மஜ்ஜை எழுந்திருக்கவில்லை.

காரணம் இரண்டு. முதலாவது, நோயை எதிர்க்க உடம்பே சுரக்கும் அழற்சிப் பொருள்கள் மஜ்ஜையை அடக்கிவைக்கின்றன. கிருமி ஹீமோகுளோபினைத் தின்று கக்குகிற கறுப்பு நிறமி ஒன்று உண்டு, அதுவும் மஜ்ஜையில் படிந்து அணு முதிர்வதைத் தடுக்கிறது. அப்படிப்பட்ட மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். சிவப்பணுவாக வேண்டிய இரண்டு இளம் அணுக்கள் பிரிய முடியாமல், உட்கருவில் ஒரு மெல்லிய நூலால் ஒட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் பழுப்பும் கறுப்புமாக நிறமிப் பொட்டுகள். வருஷங்கள் ஆகியும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது இரும்பு. மஜ்ஜைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து உடம்பில் சேருவது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். மீதியெல்லாம் செத்த அணுக்களிலிருந்து எடுத்துத் திரும்பப் பயன்படுத்துவது. மலேரியாக் காய்ச்சலில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சுரப்பை அதிகமாக விடுகிறது. அது இரும்பைச் சேமித்திருக்கும் அணுக்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலை அடைத்துவிடும். கிருமிக்கு இரும்பு எட்டாமலிருக்க உடம்பு போடுகிற பூட்டு அது, ஆனால் மஜ்ஜையும் சேர்ந்து பட்டினி கிடக்கிறது. பண்டசாலை நிறைய நெல், சமையற்கட்டில் உலை ஏறவில்லை என்கிற கதைதான். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துவிட்டு "இரும்பு நிறைய இருக்கிறதே" என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

முடோனிலிருந்து ஒரு பாட்டி: பேத்திக்குக் காய்ச்சல் அன்னைக்கே ரத்த டானிக் ஆரம்பிச்சுட்டேன். தப்பா?

உங்கள் பாசம் தப்பில்லை பாட்டி, நேரம்தான் சரியில்லை. பூட்டு போட்டிருக்கும்போது குடலும் இரும்பை உள்ளே எடுக்காது. டானிக் வயிற்றைக் கெடுத்து மலத்தைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். தான்சானியாவின் பெம்பா தீவில் மலேரியா மிகுந்த இடத்தில் சிறு பிள்ளைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காத பிள்ளைகளைவிட அவர்களிடையே கடும் நோயும் சாவும் கூடின. அந்த ஆய்வு 2006-இல் வெளிவந்த பிறகுதான் உலகமே இந்த விஷயத்தில் நிதானித்தது. மலேரியாவைத் தடுக்கவும் உடனே குணப்படுத்தவும் வழி இருக்கும் இடத்தில் இரும்பு கொடுக்கலாம் என்பதுதான் இப்போதைய முடிவு. ஆகவே முதலில் மலேரியா மாத்திரை முழுசாகப் போகட்டும். டானிக்கை நிறுத்திவையுங்கள். காய்ச்சல் போய் இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தம் பார்த்து, டாக்டர் சொன்னால் தொடங்குங்கள்.

சாப்பாட்டுக்குத் தடை இல்லை. ஈரல், மீன், முட்டை, புளிச்சக்கீரை எல்லாம் கொடுங்கள். கீரைக்கு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சோற்றோடு சேர்த்துத் தேநீர் கொடுக்காதீர்கள். அது இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். நம்மவர்கள் பர்மாக்காரர்களைப் போலவே நாள் முழுக்கத் தேநீர்க் குவளையோடு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெயர் சொல்லாத ஒருவர்: பீட்ரூட் சாறு? பப்பாளி இலைச் சாறு?

பீட்ரூட்டின் சிவப்பு ரத்தச் சிவப்பு அல்ல. வேண்டுமானால் பொரியல் செய்து சாப்பிடுங்கள். பப்பாளி இலையை டெங்குவுக்குச் சொல்வார்கள், மலேரியாவுக்கு அது மருந்தே இல்லை.

ரப்பர்த் தோட்டத்து அண்ணன் ஒருவர்: விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறேன். வைவாக்ஸ் இந்த வருஷம் மூணாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஆளே வெளுத்துப்போகிறேன்.

அண்ணா, உங்களைக் கொசு மூன்று முறை கடித்துத்தான் நோய் வந்தது என்றில்லை. வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து வரும். அது புகுவதும் இளம் சிவப்பணுக்களில்தான். மஜ்ஜை அரும்பாடுபட்டுச் செய்து அனுப்புவதையே அது வாசலில் நின்று பிடுங்கிக்கொள்கிறது. போன தடவை போன ரத்தம் திரும்புவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

குளோரோகுயின் மாத்திரை ரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். உறங்குவதைக் கொல்ல பிரிமாகுயின் வேண்டும், வழக்கமாக 14 நாள். நாலாம் நாளே உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிட்டீர்களா? நிறைய பேர் செய்கிற தவறு இது.

ஆனால் அதைத் தொடங்கும் முன் ஜி6பிடி சோதனை கட்டாயம். இந்த நொதி குறைவானவர்கள் பர்மாவில் கணிசமாக உண்டு, ஆண்களில் அதிகம். அவர்களுக்கு பிரிமாகுயினே சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குறைபாடு உள்ளவர்களுக்கும் வழி உண்டு: வாரம் ஒரு முறை வீதம் எட்டு வாரம், டாக்டர் கண்காணிப்பில்.

அதே தோட்டத்திலிருந்து ஒரு தங்கை: நான் ஐந்து மாசம். பிரிமாகுயின் எனக்கும் உண்டா?

கிடையாது அம்மா. கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது. பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மலேரியாவுக்கு வேறு பாதுகாப்பான மருந்து இருக்கிறது. உங்கள் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். நச்சுக்கொடியில் கிருமி தங்கினால் குழந்தையின் எடை குறையும். காய்ச்சல் வந்த அன்றே ரத்தம் பாருங்கள்.

ரங்கூனிலிருந்து ஒருவர்: என் மனைவி மோன் இனம். மலேரியா வந்ததே இல்லை, ஆனால் ஹீமோகுளோபின் எப்போதும் 10தான்.

ஹீமோகுளோபின் 'இ', தலசீமியா இரண்டும் பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறுகள், இந்த நாட்டில் சகஜம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலெக்ட்ரோபோரெசிஸ் சோதனை ஒரு தடவை செய்துபாருங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் வருஷக்கணக்காக இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம்.

மோல்மேன் தாய், மறுபடியும்: எப்போது பயப்படணும், எப்போது காத்திருக்கலாம் டாக்டரம்மா?

பிள்ளை எழுந்து உட்கார முடியாமல் துவண்டாலோ, மூச்சு ஆழமாக இழுத்தாலோ, ஹீமோகுளோபின் 5-ஐ நெருங்கினாலோ காத்திருக்கவே கூடாது. அது ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை. மற்றபடி பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உள்ளங்கையை உங்கள் உள்ளங்கையோடு வைத்துப் பாருங்கள். காகிதம் போல் வெளுத்திருந்தால் அடுத்த தேதி வரை இருக்காமல் போய்க் காட்டுங்கள். மாத்திரை தொடங்கியதிலிருந்து 14, 28, 42-ஆம் நாள்களில் ரத்தம் பார்த்து எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். 42-ஆம் நாள் எண்ணை எனக்கும் எழுதி அனுப்புங்கள், காத்திருப்பேன்.