பேரனுக்கு டார்ட்டியா: ஆச்சியிடம் கேளுங்கள்

கேள்வி: மகள் வயிற்றுப் பேரன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான். இட்லி, பணியாரம் எல்லாம் சாப்பிடுகிறான், ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை டார்ட்டியா, அதாவது உள்ளே ஏதாவது வைத்துச் சுருட்டிச் சாப்பிடும் மெக்சிகோ நாட்டு மெல்லிய ரொட்டி, கேட்கிறான். காரைக்குடியில் பாக்கெட் வாங்கி வந்தோம், புளித்த வாடை வருகிறது என்று ஒதுக்கிவிட்டான். சப்பாத்திக்குப் பிசைவது போலவே மைதாவைப் பிசைந்து சுட்டுப் பார்த்தேன் ஆச்சி. சூட்டோடு சாப்பிட்டால் பரவாயில்லை, ஆறியதும் விறைத்துக்கொண்டு, மடக்கினால் உடைகிறது. எங்கே தப்பு?
(கானாடுகாத்தான் வாசகி)

பதில்: கொழுப்பு சேர்வதற்கு முன்னாலேயே மைதாவில் தண்ணீரை ஊற்றியதுதான் தப்பு. சப்பாத்திக்கு நாம் தண்ணீர் ஊற்றிப் பிசைந்துவிட்டு, கடைசியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி மூடி வைப்போம். டார்ட்டியாவுக்கு அந்த வரிசையே தலைகீழ். மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதம் இழை இழையாகச் சேர்ந்து ரப்பராக இழுபட ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே கொழுப்பு மாவைப் பூசிவிட்டால் இழை அவ்வளவு நீளாது, ஆறினாலும் மிருதுவாக மடங்கும். பரோட்டாவிலும் எண்ணெய் ஏராளம்தான், ஆனால் அங்கே அது அடுக்குகளுக்கு நடுவில் நிற்கிறது, இங்கே மாவுக்குள்ளேயே கலந்துவிடுகிறது.

அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மைதா 250 கிராம், அதாவது சுமார் இரண்டு கப். உப்பு முக்கால் டீஸ்பூன். பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் சிலர் போடுவார்கள், போட்டால் கொஞ்சம் உப்பலாக வரும், போடாவிட்டாலும் குறைச்சல் இல்லை. கொழுப்பு 50 கிராம். மெக்சிகோவின் வடபகுதியில் இதற்குப் பன்றிக் கொழுப்புதான் பழைய வழக்கம். நம் வீட்டில் நெய்யோ வெண்ணெயோ போதும். வெண்ணெயில் ஏற்கெனவே கொஞ்சம் நீர் இருப்பதால் அதைப் போட்டால் தண்ணீரை ஒரு ஸ்பூன் குறையுங்கள். நெய் என்றால் உறைந்த நெய்யாக எடுங்கள், உருக்கி ஊற்றாதீர்கள். ரீஃபைண்ட் எண்ணெயிலும் வரும், மிருது ஒரு படி குறையும். நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், அந்த வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

மைதா, உப்பு, கொழுப்பு மூன்றையும் விரல் நுனியால் தேய்த்துக்கொண்டே இருங்கள். புட்டு மாவுக்குப் பார்ப்போமே, பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும், அந்தப் பதம் வரும்வரை தண்ணீர்ச் செம்பைத் தொடாதீர்கள். அப்புறம் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் 130 மில்லி, மொத்தமாக இல்லாமல் மூன்று தவணையாக. பச்சைத் தண்ணீர் ஏன் கூடாது என்றால், வெந்நீர் பட்டால்தான் கொழுப்பு இளகி மாவோடு ஒட்டும், மாவும் ஈரத்தை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் பிசையுங்கள், காதுமடலைத் தொட்டால் இருக்கும் மென்மை வந்தால் போதும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள், பிறகு எட்டு உருண்டையாக்கி இன்னும் பத்து நிமிடம். பேரன் பசி என்று கத்தினாலும் இந்த இரண்டு ஓய்வையும் குறைக்காதீர்கள். தேய்க்கும்போது மாவு திரும்பத் திரும்பச் சுருங்கிக்கொண்டால் அதற்கு இன்னும் ஓய்வு போதவில்லை என்றுதான் அர்த்தம், கட்டையை அழுத்தி ஒரு பயனும் இல்லை.

நடுவிலிருந்து வெளியே பார்த்துத் தேயுங்கள், எட்டு அங்குல அகலம், பலகையின் நிறம் லேசாகத் தெரிகிற மெல்லிசு. பலகையில் மாவு தூவுவதைச் சிக்கனமாகச் செய்யுங்கள், தூவிய மாவு கல்லில் கருகி அடுத்ததில் ஒட்டும்.

அடுத்தது நெருப்பு. இரும்புத் தோசைக்கல், எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். தண்ணீர் தெளித்தால் துளி குதித்து ஓடுகிற சூடு வர வேண்டும். போட்ட அரை நிமிடத்தில் மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அடியில் தவிட்டு நிறப் புள்ளிகள் விழுந்திருக்கும், உடனே திருப்புங்கள், இன்னொரு பக்கம் அதைவிடக் குறைவு. மொத்தம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டிய வேலை. துணியால் அழுத்துவது, ஃபுல்கா மாதிரி நேரே தீயில் காட்டுவது எல்லாம் வேண்டாம். நீங்கள் சிறு தீயில் நின்று நிதானமாகச் சுட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கிற ஈரம் முழுக்க ஆவியாகிப் போய்விடும், விறைக்காமல் என்ன செய்யும்?

கல்லிலிருந்து எடுத்ததும் தட்டில் பரப்பி ஆறவிடாதீர்கள். சுத்தமான பருத்தித் துண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றி, ஹாட்பாக்ஸிலோ மூடியுள்ள சட்டியிலோ வையுங்கள். அவற்றின் ஆவியிலேயே அவை பதமாகும். துண்டு இல்லாமல் நேரே ஹாட்பாக்ஸில் போட்டால் மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி மேலே இருப்பது நசநசத்துப் போகும்.

பாக்கெட்டின் புளிப்பு வாடைக்கும் காரணம் உண்டு. பூஞ்சை பிடிக்காமல் இருக்க கால்சியம் புரோப்பியனேட் போன்றவற்றையும், அவை நன்றாக வேலை செய்ய ஏதாவது ஓர் அமிலத்தையும் சேர்ப்பார்கள். உங்கள் பேரனுக்கு நல்ல மூக்கு.

கேள்வி: மைதா என்றாலே என் மருமகள் முகத்தைச் சுளிக்கிறாள். கோதுமை மாவில் செய்யக் கூடாதா? டால்டா போடலாமா?
(தேவகோட்டை வாசகி)

பதில்: மருமகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மைதாவில் நார்ச்சத்து அநேகமாக இல்லை. முழுக்கக் கோதுமை மாவிலும் செய்யலாம்தான், ஆனால் அதிலிருக்கும் தவிடு அந்த இழைகளை வெட்டிவிடும், தண்ணீரையும் கூடுதலாகக் குடிக்கும். அதனால் பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு மூன்று ஸ்பூன் வெந்நீர் அதிகமாக்கி, ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மடங்குகிற பதத்தில் வரும். டால்டாவைப் பொறுத்தவரை, எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது, முன்பு மாதிரி இல்லை. இருந்தாலும் வீட்டில் நெய் இருக்கும்போது அதை எதற்குத் தேடுகிறீர்கள்?

கேள்வி: அசல் டார்ட்டியா மக்காச்சோளத்தில்தான் செய்வார்களாமே. கடையில் கார்ன் ஃப்ளோர் வாங்கிப் பிசைந்தேன், மாவு சேரவே இல்லை, பாலாக ஓடுகிறது.
(பள்ளத்தூர் வாசகி)

பதில்: நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச், சூப்பைக் கெட்டியாக்கத்தான் உதவும். மஞ்சள் மக்காச்சோள மாவு வாங்கியிருந்தாலும் பிளந்து பிளந்துதான் வந்திருக்கும். மெக்சிகோக்காரர்கள் செய்வது வேறு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவித் தோலை நீக்கி ஈரமாகவே அரைப்பார்கள். அப்போதுதான் மாவுக்குப் பிடிமானம் வரும், அதோடு சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் உடம்பில் சேரும். இந்தச் சுண்ணாம்பு விஷயத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோய் அதையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகள், நியாசின் குறைந்தால் வரும் பெலாக்ரா நோயில் அவதிப்பட்டார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு கலந்து சுவர் பூசிய ஊர்க்காரர்கள் நாம், சுண்ணாம்பின் அருமை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாப்பிடத் தகுந்த சுண்ணாம்பாக இருக்க வேண்டும், சுவருக்கு அடிப்பதில் கை வைக்காதீர்கள்.

அசல் என்று சோளத்தை மட்டும் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கோதுமையைக் கொண்டுபோனார்கள், சொனோரா போன்ற வறண்ட வடபகுதியில் அது நன்றாக விளைந்தது, அங்கே கோதுமை டார்ட்டியாதான் வீட்டுச் சாப்பாடு. கையாலேயே விரித்து விரித்து, ஒரு கை நீளத்துக்குச் செய்கிற ரகமும் உண்டு. நம் பரோட்டா மாஸ்டர்களிடம் கொடுத்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: உள்ளே வைக்க பீன்ஸும் சீஸும்தான் வேண்டுமா? என் மாமியார் அதைத் தொடமாட்டார்.
(கொத்தமங்கலம் வாசகி)

பதில்: யார் அப்படிச் சட்டம் போட்டது? மிளகாயும் தக்காளியும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தவைதான், அவை வருவதற்கு முன் நம் அடுப்படியில் காரம் என்றால் மிளகுதான். அதனால் தயக்கமே வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், உள்ளே போவது சுருள வதங்கியிருக்க வேண்டும். கோழி வறுவல், மட்டன் சுக்கா, மாமியார் சைவம் என்றால் உருளைக்கிழங்கு ரோஸ்ட், மிளகுக் காளான் எல்லாம் அருமையாக இருக்கும். வெண்டைக்காய் மண்டி எனக்கு உயிர், ஆனாலும் அதை இதில் வைத்தால் முழங்கை வரை வழியும். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி எலுமிச்சம்பழமும் உப்பும் பிசிறி மேலே தூவுங்கள். சீஸுக்குப் பதில் கெட்டித் தயிரைத் துணியில் வடிகட்டி ஒரு ஸ்பூன் தடவினால் போதும்.

கேள்வி: சென்னை ஹாஸ்டலில் இருக்கும் மகனுக்குச் செய்து அனுப்பலாமா? எத்தனை நாள் தாங்கும்?
(காரைக்குடி வாசகர்)

பதில்: அப்பா கேட்கிறார், சந்தோஷம். நம் ஊர் வெயிலில் வெளியே ஒரு நாள்தான் கணக்கு. ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம், ஆனால் ஃபிரிட்ஜ் குளிரில்தான் மாவுப் பண்டம் சீக்கிரம் விறைக்கும், சூடு காட்டாமல் சாப்பிட முடியாது. ஃப்ரீசர் என்றால் ஒரு மாதம் வரை கவலையில்லை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, காற்றில்லாத பையில் போடுங்கள். ராத்திரி பஸ்ஸில் அனுப்புவதாக இருந்தால் சாயங்காலம் சுட்டு, முழுக்க ஆறிய பிறகு பொட்டலம் கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் போய்ச் சேர்வதற்குள் பிசுபிசுத்துவிடும். அவனிடம் ஒரு தோசைக்கல் இருந்தால் பக்கத்துக்குப் பத்து வினாடி போதும். வறுவலைத் தனி டப்பாவில் அனுப்புங்கள், சேர்த்துச் சுருட்டி அனுப்பாதீர்கள்.

கேள்வி: எனக்கு வட்டமாகவே வரவில்லை ஆச்சி.
(புதுவயல் வாசகி)

பதில்: சுருட்டிய பிறகு யாருக்குத் தெரியப்போகிறது.