துப்பாக்கிச் சண்டைக்கு எந்த விதி?

அன்புள்ள அண்ணா,

பண்டாரவளையில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு அது. அடுத்த கதையை இந்தக் காலத்தில், மலையகத்திலேயே வைக்க ஆசை. பொகவந்தலாவைப் பக்கம் களவாக மாணிக்கக்கல் தோண்டும் ஒரு கும்பல், அதைத் துப்புத் துலக்கும் செய்தியாளர், அவருடைய கூட்டாளிகள். பழைய விதியிலேயே ஒருமுறை ஆடிப் பார்த்தோம். நெஞ்சில் வெடி பட்டவர் மறுநாள் காலை எழும்பி ஓடுகிறார், எல்லோரும் சிரித்துவிட்டோம். நிஜத்துக்குக் கிட்டவான சண்டை விதி எது?

வாசகர், பண்டாரவளை

அன்புள்ள தம்பி,

நீங்கள் ஆடும் விளையாட்டின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் இழந்த ஹிட் பாயின்ட், அதாவது பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி, எல்லாம் திரும்பிவிடும். வீரன் நாளைக்கும் குகைக்குள் இறங்கவேண்டிய கதைக்கு அது சரி. உங்கள் செய்தியாளருக்குச் சரிவராது.

நிஜம் என்றதும் பலர் துப்பாக்கி வகை, தோட்டா அளவு என்று அட்டவணை தேடப் போகிறார்கள். 1986இல் வந்த பீனிக்ஸ் கமாண்ட் அந்த வழியில் கடைசி வரை போன விளையாட்டு. ஒரு வெடிக்கு இத்தனை அட்டவணை புரட்டினால் மேசையில் பயம் மிஞ்சாது. நான் முதலில் பார்ப்பது, காயப்பட்டவர் மறுநாளும் மறுவாரமும் என்ன ஆகிறார் என்பதைத்தான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது கர்ப்ஸ் (GURPS) என்ற விளையாட்டு விதித்தொகுப்பு, நான்காம் பதிப்பு. லூடோ பெட்டியில் கிடக்கும் பகடை மூன்று போதும். சண்டையில் ஒரு முறை என்பது ஒரே விநாடி. மூன்று பகடையின் கூட்டுத்தொகை சுடுபவரின் திறன் எண்ணுக்குள் விழுந்தால் வெடி படும். ஓரளவு பழகியவரின் திறன் 12 என்று வையுங்கள். 20 கஜத் தூரத்துக்கு 6 கழியும். குறி பார்க்காமல் சுட்டால் நூற்றுக்கு ஒன்பது தடவைதான் படும். சாதாரணக் கைத்துப்பாக்கியால் மூன்று விநாடி நின்று குறி பார்த்தால் அதுவே ஐம்பது. அந்த மூன்று விநாடி வெட்டவெளியில் நிற்க உங்களில் யாருக்குத் துணிவு வரும்? சண்டையின் பதற்றம் அங்கே தானாக வந்துவிடும்.

பட்டால் என்ன? சராசரி மனிதருக்கு ஹிட் பாயின்ட் 10. 9 மி.மீ. தோட்டா ஒன்று சராசரியாக 9ஐக் கொண்டுபோகும். பாதிக்கு மேல் போனதால் பகடை உருட்டி உடல்திடத்தைச் சோதிக்கவேண்டும், தோற்றால் விழுந்துவிடுவார். எழும்பினாலும் நடை பாதி வேகம்தான். ஒழுங்காக ஓய்வெடுத்தாலும் வைத்தியம் இல்லாமல் ஒரு நாளைக்கு ஒரு புள்ளிக்கு மேல் திரும்பாது, அதற்கும் பகடை ஒத்துழைக்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் படுக்கை. விருப்ப விதிகளில் இரத்தப்போக்கைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை சோதனை. தேயிலைமலை உச்சியில் வெடி பட்டவரை மூட்டை போலத் தூக்கி இறக்கி, த்ரீவீல் பிடித்து, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்க்கும் வரை அந்தப் பகடை உருண்டுகொண்டே இருக்கலாம். முதலுதவி தெரிந்த ஒரு பாத்திரம் உங்கள் கூட்டத்தில் இருந்தே ஆகவேண்டும்.

இன்னொன்று. நம் மலையில் ஆளுக்கொரு பிஸ்டல் கிடையாது. பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு, யாரோ ஒருவரின் உரிமம் பெற்ற ஷொட்கன், கவ்வாத்துக் கத்தி, இவைதான் நம்பும்படி இருக்கும். கும்பலில் ஒருவனிடம் மட்டும் துப்பாக்கி இருக்கட்டும், அவனிடமும் நாலு தோட்டாவுக்கு மேல் வேண்டாம்.

இத்தனை கணக்கு ஒத்துவராவிட்டால் 2016இல் வந்த டெல்டா கிரீன் என்ற விளையாட்டைப் பாருங்கள். கனரக ஆயுதத்துக்கு நூற்றில் இத்தனை என்று ஒரு சாவு விகிதம், அதற்குள் பகடை விழுந்தால் ஆள் முடிந்தார். வேகமானது, இரக்கமில்லாதது. ஆனால் பத்துமுகப் பகடை இரண்டு வேண்டும்.

எந்த விதி எடுத்தாலும் ஆட்டத்துக்கு முன் ஐந்து பேரும் ஒருமுறை பேசிவிடுங்கள். எண்பத்து மூன்றையும் பிறகு வந்த யுத்தத்தையும் கண்ட குடும்பங்கள் நம்முடையவை. சோதனைச்சாவடி, வீடு எரிப்பு, காணாமல் போனவர் என்று எதெல்லாம் மேசைக்கு வரக்கூடாது என்பதை ஒவ்வொருவரும் சொல்லட்டும், காரணம் கேட்கவேண்டாம். அப்புறம், இலவசமாகக் கிடைக்கும் 32 பக்க கர்ப்ஸ் லைட்டை இறக்கி, கதை தொடங்குமுன் ஒரேயொரு சண்டையை மட்டும் ஆடிப் பாருங்கள். யாராவது "சுடவேண்டாம், பேசிப் பார்ப்போம்" என்று சொன்னால் விதி உங்களுக்குப் பொருந்திவிட்டது.