தோற்றது அணி, கல்லெறிவது ரசிகர்: ஏன்?

“களத்தில் தோற்பவர்கள் விளையாடியவர்கள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் திருவிழாக் கபடி பார்த்தவர்களுக்குப் பாதி விடை தெரிந்திருக்கும். வென்றால் “நாம ஜெயிச்சுட்டோம்” என்பவரே, தோற்றால் “பயலுக தோத்துட்டாய்ங்க” என்று நழுவிவிடுவார். இந்த ‘நாம்’, ‘அவர்கள்’ மாற்றத்தை ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஆராய்ந்து 1976-இல் வெளியிட்டார்கள். அப்படி விலகிக்கொள்ளத் தெரிந்தவரால் பெரிய ஆபத்தில்லை. அணியின் பெயரும் தன் பெயரும் ஒன்றாகிப்போனவருக்குத்தான் நடுவர் மறுத்த ஒரு புள்ளி, சபையில் தனக்கு நேர்ந்த அவமானமாகத் தோன்றுகிறது.

ஆனால் புள்ளி வெறும் தீக்குச்சிதான். வைக்கோல் முன்பே காய்ந்து கிடக்க வேண்டும். கபடி அணிகள் ஊரின் பெயரைச் சுமந்து இறங்குவதால், கண்மாய்த் தண்ணீர்த் தகராறும் கோயில் முதல் மரியாதைப் பூசலும் கூடவே களத்துக்கு வந்துவிடுகின்றன. கி.பி. 532-இல் கான்ஸ்டாண்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) தேர்ப்பந்தயத்தின் நீல அணி, பச்சை அணி ரசிகர்கள் மூட்டிய கலகத்தில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அங்கேயும் வரிச்சுமை மீதான கோபம் உள்ளே புகைந்துகொண்டிருந்தது.

எதிரணி ரசிகர் இல்லாமலும் இது நடக்கும். 1996 உலகக்கோப்பை அரையிறுதியில், இலங்கையின் 251 ஓட்டங்களுக்கு எதிராக இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தபோது, கொல்கத்தாவில் பாட்டில்களை வீசி இருக்கைகளுக்குத் தீ வைத்தவர்கள் இந்திய ரசிகர்களே. ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. தனியாக இருந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்திருப்பவர், முகம் தெரியாத கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் எறிவதைப் பார்த்துத் தானும் எறிகிறார்.