இடது காதுக்குப் பின்னால்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை இரண்டு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். ஆறு வருடம் ஒரு சலூனில் வேலை பார்த்துவிட்டு, எட்டு மாதங்களுக்கு முன் வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கினேன். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, நான் மட்டும்தான். பெரிய சலூன்கள் மாதிரி விளம்பரத்துக்குச் செலவு செய்ய முடியாது. இன்ஸ்டாகிராமில் வாரம் மூன்று ரீல்ஸ் போடுகிறேன். முதல் வருகைக்குப் பாதி விலை என்று ஆஃபரும் கொடுக்கிறேன். புது ஆட்கள் வருகிறார்கள், ஆனால் பத்துப் பேர் வந்தால் மூன்று பேர்தான் மறுபடி வருகிறார்கள். போகும்போது எல்லோரும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்கிறார்கள். மூன்று தடவை என்னிடம் வெட்டிக்கொண்ட ஒரு பெண்ணைப் போன வாரம் சாலையில் பார்த்தேன். வேறு யாரிடமோ வெட்டியிருந்தார். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

விலையை இன்னும் குறைக்கவா? ரீல்ஸைக் கூட்டவா? பழைய சலூனில் என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களின் எண்கள் இருக்கின்றன, அவர்களை அழைக்கலாமா? நிலையான வாடிக்கையாளர்கள் அமைய எத்தனை ஆண்டுகள் ஆகும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விகளைவிட, நடுவில் வருகிற அந்த 'நல்லா இருக்கு'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று போன மாதம் என் பழைய நோட்டுகளை எடுத்துவைத்தேன். அதிலிருந்து இந்தச் சொல்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் சின்ன விஷயங்கள். விலையைக் குறைக்காதீர்கள். பாதி விலைக்காக வந்தவர் அடுத்த தடவை பாதி விலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவார். அவர் மேல் தப்பில்லை, நீங்கள் அவரை அதற்காகத்தான் அழைத்தீர்கள். ரீல்ஸ் போடப் பிடித்தால் போடுங்கள், ஆனால் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காமல் அவர் தலையைப் படம் எடுக்காதீர்கள். பழைய எண்களைப் பொறுத்தவரை, வேலைக்குச் சேரும்போது எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று எடுத்துப் படியுங்கள். சலூனின் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்கள் என்றால் அழித்துவிடுங்கள். அவர்களாகத் தேடி வந்தால் சந்தோஷமாக உட்கார வையுங்கள்.

விளம்பரத்துக்குப் பணம் இல்லை என்கிறீர்கள். மார்த்தா மடில்டா ஹார்ப்பர் என்று ஒரு பெண் இருந்தார். ஏழு வயதிலிருந்து வீட்டு வேலைக்காரியாக இருந்தவர். 25 ஆண்டுகள் அப்படிக் கழிந்த பிறகு, 1888இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் பெண்களுக்கான சலூன் ஒன்றைத் திறந்தார். பெண்கள் தலைமுடிக்காக வெளியே ஒரு கடைக்குப் போவது வழக்கமாகாத காலம் அது. பக்கத்து அறையில் ஒரு இசை ஆசிரியர் பாடம் எடுத்தார். பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்களுக்குக் காத்திருக்க அங்கே இடமில்லை. ஹார்ப்பர் அவர்களைத் தன் அறையில் வந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவர்கள் பேசினார்கள், பிறகு தலையைக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் பெயரில் நடந்த கடைகள் 500 வரை போயின. முதல் ஆள் வருவதற்கு ஒரு காலி நாற்காலி போதும் என்று இதற்காகத்தான் சொல்கிறேன். உங்களுக்கும் முதல் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நிலையான வாடிக்கையாளர்கள் என்றால் எத்தனை பேர் என்று என்றைக்காவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஒரு நாளைக்கு ஐந்து தலை, வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு 48 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 தலை. குட்டை முடிக்காரர் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வருவார், வருடத்துக்கு எட்டு ஒன்பது முறை. நரைக்கு வேரில் கலர் பூசுகிறவர் அதைவிட அடிக்கடி வருவார். நீள முடிக்காரர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சராசரியாக ஆளுக்கு ஆறு தடவை என்றால் 1,200ஐ நிரப்ப 200 பேர் போதும். இருநூறே பேர்! உங்கள் இன்ஸ்டாகிராமில் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம். இந்த 200 பேரின் தலையும் உங்களுக்குத் தெரியுமா?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். ஆஃபர் இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை ரீல்ஸ் என்று இருக்கிறது. உங்களை விட்டுப் போன அந்தப் பெண்ணின் முடியைப் பற்றி ஒரு வரி இல்லை. சுருளா, நேரா? மெல்லியதா, தடித்ததா? நெற்றியில் சுழி இருந்ததா? மூன்று தடவை அந்தத் தலையில் கை வைத்திருக்கிறீர்கள். ஆறு வருடம் வேலை பார்த்தவர், ஒரு தலையைப் பற்றி எழுத உட்கார்ந்து, அந்தத் தலையையே விட்டுவிட்டால் என்ன சொல்வது?

உங்களைத் திட்டுகிற தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தனியாகத் தொடங்கி இரண்டாவது ஆண்டு. ஒரு ஆசிரியை வருவார். நாற்பது வயது இருக்கும், மெல்லிய முடி. முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்ததுமே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இடது காதுக்குப் பின்னால் ஆபரேஷன் தழும்பு இருக்கு, அது வெளியே தெரியாம வெட்டுங்க" என்றார். அப்படியே வெட்டினேன். இரண்டாவது தடவையும் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. இவளுக்குத்தான் தெரியுமே என்று இருந்திருப்பார். அன்று எனக்கு வரிசையாக ஆட்கள். காதோரம் நன்றாக ஏற்றி, பிடரியை ஒட்ட வெட்டிவிட்டேன். வெட்டு என்று பார்த்தால் நல்ல வெட்டுதான். பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டியபோது தழும்பு முழுசாக வெளியே இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "இது என்ன மேடம், அடிபட்டதா?" என்று கேட்டேன். பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் அந்த இடத்து முடியை விரலால் கீழே இழுத்துப் பார்த்தார். திரும்ப ஒரு தடவை இழுத்தார். வரவில்லை. "நல்லா இருக்கு" என்றார். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடது தோளுக்கு மேலே ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். இரவு தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அவருடைய ஃபோன் எண் என்னிடம் இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்றும் கேட்டு வைத்திருக்கவில்லை. அவர் திரும்ப வரவே இல்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 'நல்லா இருக்கு' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்க்கிறேன். விரல் எங்கே போகிறது? எந்த முடியை இழுக்கிறது? வாய் சொல்வது மரியாதைக்கு. கத்தரி பிடித்திருப்பவளிடம், கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு, போர்த்திய துணியோடு யார் உண்மையைச் சொல்லப் போகிறார்கள்? "எந்த இடம் உறுத்துது, சொல்லுங்க, இன்னும் நேரம் இருக்கு" என்று நாம்தான் கேட்க வேண்டும். 'எப்படி இருக்கு' என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

அந்த ஆசிரியை வந்துபோன அடுத்த நாள் ஒரு நோட்டு வாங்கினேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ரகசியம் அது ஒன்றுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடி மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. அப்படியானால் 30 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு இரண்டு வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பூசிய டை, வேறு எங்கோ செய்துகொண்ட ஸ்ட்ரெயிட்டனிங், வெயில், எல்லாம் அந்த நுனியில் இருக்கிறது. உலோக உப்பு கலந்த டையைப் பூசியிருந்தால், அதன் மேல் நீங்கள் கலரோடு கலக்கிற பெராக்சைடு வைத்ததும் முடி சூடேறி உடைந்துபோகலாம். முடி எதையும் மறப்பதில்லை. நாம் மறக்கிறோம். ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்பது இதனால்தான்.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "நெற்றியோரம் நரை அதிகம், சீக்கிரம் பிடிக்காது, முதலில் அங்கே பூசு. 5ஆம் எண் கலர், 20 வால்யூம் பெராக்சைடு, 35 நிமிடம். உச்சியில் இரட்டைச் சுழி, அங்கே குட்டையாக வெட்டாதே, எழுந்து நிற்கும். வகிடு வலது. காலையில் தலைக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்க முடியும். போன தடவை முன்முடி கண்ணில் விழுந்ததாம்." இதை எழுத இரண்டு நிமிடம் ஆகிறது. அவர் கதவைத் தாண்டியதும், அடுத்தவரை உட்கார வைக்கும் முன் எழுத வேண்டும். ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்றால் ஐந்து தலையும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

உடல்நிலையும் எழுதுவேன், அவர்களாகச் சொன்னால். ஒரு பெண் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று அழுதுகொண்டு வந்தார். ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது எல்லோருக்கும் உண்டு, அவருக்கு அதைவிட அதிகம். பக்கத்தைத் திருப்பினேன். போன வருகையில் 'கடும் காய்ச்சல், பத்து நாள் படுக்கை' என்று இருந்தது. பெரிய காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது உண்டு. பெரும்பாலும் தானாக நின்று, முடி திரும்ப வளரும். அதைச் சொல்லி, எதற்கும் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். அன்று அவரிடம் எதையும் விற்கவில்லை. அவர் இன்றைக்கும் வருகிறார், அவர் மகளும் வருகிறாள்.

ஒவ்வாமையும் அதில்தான் இருக்கும். கறுப்பு டைகளில் பெரும்பாலும் பிபிடி என்கிற ரசாயனம் உண்டு. பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று முகம் வீங்க வைத்துவிடும். அதனால் 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் வைத்துப் பார்த்த தேதியை எழுதுங்கள். 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று அவர் சொன்னாலும் வைத்துப் பாருங்கள். இதில் சமரசம் கிடையாது.

இந்த நோட்டு பூட்டி வைக்க வேண்டிய பொருள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

நோட்டு இருந்தால் கேள்வி கேட்க வரும். அதை முடியை நனைப்பதற்கு முன்னால் கேளுங்கள். எத்தனை பேர் ஆள் வந்ததும் நேராக ஷாம்பு தொட்டிக்குக் கூட்டிப்போகிறார்கள் தெரியுமா! நனைந்த முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். சுருள் முடி இன்னும் மேலே ஏறிக்கொள்ளும். வீட்டில் அவர் எப்படிச் சீவுகிறாரோ அப்படியே, காய்ந்த தலையாகப் பார்த்தால்தான் அது அவர் தலை. போன தடவை என்ன பிடிக்கவில்லை என்று அப்போது கேளுங்கள். அவர் "அப்படி ஒண்ணும் இல்ல" என்பார். நீங்கள் நோட்டைப் பார்த்து, "முன்முடி கண்ணில் விழுதுன்னு சொன்னீங்களே, அது சரியாச்சா?" என்று கேளுங்கள். அதற்கப்புறம் அவர் பேசுவதை நிறுத்த மாட்டார்.

இன்னொன்று. உங்கள் கடையில் ட்ரையர் போட்டுச் சீவி முடித்த தலை எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். அவர் வீட்டில் தலைக்குக் குளித்து, தானாகக் காயவிட்டுச் சீவும்போதுதான் வெட்டு தெரியும். மூன்றாவது வாரம் வளர்ந்துவரும்போது இன்னும் நன்றாகத் தெரியும். அந்த மூன்றாவது வாரத்தில் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள். ஆஃபர், பண்டிகை வாழ்த்து எதுவும் அதில் வேண்டாம். "இடது பக்கம் வெளியே திரும்புதா? திரும்பினால் வாங்க, பணம் வேண்டாம், சரி செஞ்சு தர்றேன்." அவர் தலையைப் பார்த்து அவருக்கென்று எழுதிய வரியாக அது இருக்கட்டும். அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு அவர் தேதி கேட்டால், முடி வளரும் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். முன்முடி வெட்டியவரிடம் மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, வரவில்லையே என்று ஏங்குவதில் அர்த்தமில்லை.

எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நாலு ஆண்டுகள் ஆயின. அதில் முதல் இரண்டு ஆண்டுகள் நோட்டு இல்லாதவை.

இன்று இரவு ஒரு நோட்டு எடுத்து, முதல் பக்கத்தைச் சாலையில் பார்த்த அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள். நீங்கள் அவருக்கு வெட்டிய மூன்று தடவையையும் தனித்தனியாக எழுதுங்கள். என்ன வெட்டினீர்கள், அவர் என்ன கேட்டார், கண்ணாடியில் பார்த்தபோது அவர் விரல் எங்கே போனது. நினைவில்லாத இடத்தில் 'நினைவில்லை' என்றே எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, முடிந்தால் எனக்கு மறுபடி ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா