கேளுங்க அக்கா: செலக்‌ஷன் கிரைட்டீரியாவுக்கு என்னத்த எழுதுறது?

கேள்வி: வணக்கம்க்கா. சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனை தோட்டத்து ஆபிஸ்ல கிராணியா, அதாவது கிளார்க்கா இருக்கேன். ஒரு ஆஸ்திரேலியா யூனிவர்சிட்டியோட மலேசியா கேம்பஸ்ல அட்மின் வேலைக்கு அப்ளை பண்றேன். ரெஸ்யூமே ரெடி, ஆனா கூடவே கீ செலக்‌ஷன் கிரைட்டீரியான்னு ஆறு பாயிண்ட் குடுத்து ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் கேக்குறாங்க. ரெக்கார்ட கவனமா பாத்துக்குற திறமை, பலதரப்பட்ட ஆளுங்களோட பேசிப் பழகுற திறமை, இந்த மாதிரி. "நல்ல அனுபவம் இருக்கு, கடுமையா உழைப்பேன்"னு எழுதி ஆபிஸ்ல ஒரு அண்ணன்கிட்ட காட்டுனா பத்தாதுங்குறாரு. நான் செய்யறது தண்டல், அதான் வெளிவேலைய மேய்க்கிறவரு, அவரோட புக்குல இருக்குற குலை எண்ணிக்கைய கம்ப்யூட்டர்ல ஏத்துறது, சம்பள கணக்கு, பங்களாதேஷ் ஆளுங்களுக்கு பெர்மிட் ரினியூ பண்றது, எம்எஸ்பிஓங்குற பாமாயில் சான்றிதழ் ஆடிட்டுக்கு ஃபைல் எடுத்து வைக்கிறது, அவ்ளோதான். ஒரு மாசம் மழையில புக்கு நனைஞ்சி நம்பர் மாறி ஏறி, சம்பளம் கொறஞ்சிடுச்சின்னு ஆளுங்க ஆபிஸ் முன்னாடி வந்து நின்னுட்டாங்க, அதுலருந்து நானே தினம் சாயங்காலம் தண்டல வெச்சிக்கிட்டு சரி பாக்குறேன். தோட்டத்து கிராணிக்கு இதுக்கு மேல என்னக்கா இருக்கு எழுத?

பதில்: அண்ணன் சொன்னது சரிதாம்மா, ஆனா உன் கடைசி வரிய நான் ஒத்துக்கவே மாட்டேன். நீ போற போக்குல சொன்ன அந்த நனைஞ்ச புக்கு கதைதான் உன் முதல் பதில்.

இது எப்படி நடக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சிக்க. ஆஸ்திரேலியால அரசாங்க வேலை, யூனிவர்சிட்டி வேலை, ஆஸ்பத்திரி வேலை எல்லாத்துலயும் இது ரொம்ப நாள் பழக்கம், அங்க மத்திய அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்குறது தகுதிய வெச்சிதான்னு 1999 பப்ளிக் சர்வீஸ் சட்டத்துலயே இருக்கு. அதனால பேனல்ல ரெண்டு மூணு பேரு உக்காந்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் நீ என்ன எழுதியிருக்கன்னு தனித்தனியா பாத்து மதிப்பு போடுவாங்க, பேப்பர்ல இல்லாதத அவங்களா யூகிச்சி மார்க் குடுக்க முடியாது. "கடுமையா உழைப்பேன்" வர்ற எல்லா அப்ளிகேஷன்லயும் இருக்கும், அத வெச்சி உன்னையும் இன்னொருத்தரையும் எப்படி பிரிச்சி பாப்பாங்க சொல்லு.

அவங்களுக்கு வேண்டியது நடந்த ஒரு சம்பவம். ஸ்டார்னு ஒரு முறை சொல்வாங்க, சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட், அதாவது என்ன நெலம, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செஞ்ச, என்ன ஆச்சு. நம்ம ஆளுங்க நெலமய பத்தியே முக்கா பக்கம் எழுதிட்டு நீ என்ன செஞ்சங்குறத ஒரே வரில முடிச்சிடுவாங்க, அத தலைகீழா மாத்து, பாதிக்கு மேல நீ செஞ்சதுதான் இருக்கணும். உன் லெட்டர்ல இருக்குறத வெச்சே இப்படி போடலாம்:

"எங்க தோட்டத்துல அறுவடை செய்யறவங்களோட சம்பளம் அவங்க வெட்டுற குலை எண்ணிக்கைய பொறுத்தது. ஒரு மாசம் ஃபீல்ட் சூப்பர்வைசரோட புக்கு மழையில நனைஞ்சி எண்ணிக்கை தப்பா பதிவாகி சிலருக்கு சம்பளம் கொறஞ்சிடுச்சு. பதிவு என் பொறுப்பு. புக்குல இருந்தத பக்கம் பக்கமா கம்ப்யூட்டர் பதிவோட ஒப்பிட்டு பாத்து வித்தியாசத்த பட்டியல் போட்டு மேனேஜர்கிட்ட குடுத்தேன். அதுலருந்து தினம் சாயங்காலம் சூப்பர்வைசர பக்கத்துல வெச்சி எண்ணிக்கைய வாசிச்சி சரி பாத்த பிறகுதான் பதிவு பண்றேன்."

நடுவுல பட்டியல் போட்டேன்னு நானா சேத்துக்கிட்டேன், நீ நெஜமா என்ன செஞ்சியோ அத போடு. கொறஞ்ச காசு திரும்ப கெடச்சிதா, எத்தன பேருக்கு, அதுக்கப்புறம் புகார் வந்துச்சா, இதுதான் ரிசல்ட், கடைசி ரெண்டு வரில கண்டிப்பா எழுது. தெரியாத நம்பர அடிச்சி விடாத, இண்டர்வியூல அதையே புடிச்சி தோண்டுவாங்க.

பாத்தியா, தண்டல நான் ஃபீல்ட் சூப்பர்வைசர்னு மாத்திட்டேன். பேனல்ல இருக்குறவங்க தோட்டத்து பக்கம் வந்தே இருக்க மாட்டாங்க. எம்எஸ்பிஓனு மொட்டையா விடாம, மலேசியா பாமாயிலுக்கு 2020லருந்து கட்டாயமான சான்றிதழ், அந்த ஆடிட்டுக்கு தேவையான ரெக்கார்ட நான்தான் தயார் பண்றேன்னு எழுது, அது எவ்ளோ பெரிய பொறுப்புன்னு அப்பதான் அவங்களுக்கு புரியும். அந்த "நான்"ங்குறதும் முக்கியம்மா. செஞ்சோம், பாத்தோம்னு எழுதுனா உன் பங்கு எதுன்னு தெரியாம போயிடும்.

பலதரப்பட்ட ஆளுங்களோட பழகுறதுக்கு அதே கதைய திரும்ப போடாத. பங்களாதேஷ்லருந்து வந்தவருக்கு பெர்மிட் பேப்பர பாஹாசால புரிய வெச்சி, இமிகிரேஷன் ஆபிஸ்ல பேசி, மேனேஜர் துரைகிட்ட கையெழுத்து வாங்கி முடிச்ச ஏதாவது ஒரு கேஸ் இருக்குமில்ல, அது பட்டணத்து ஆபிஸ்ல இருக்குறவங்க பல பேருக்கு கெடைக்காத அனுபவம். அத கூச்சப்படாம எழுது தங்கச்சி.

கேள்வி: அக்கா, நான் பீடோர். ஆஸ்திரேலியால நிரந்தரமா தங்குற பிஆர் கெடச்சிடுச்சி, அடுத்த மாசம் மெல்பர்ன் போறேன், இங்கருந்தே ஒரு ஆஸ்பத்திரி ஆபிஸ் வேலைக்கு அப்ளை பண்றேன். கிரைட்டீரியாவுல டிசைரபிள்ங்குற பகுதியில ஒரு சாஃப்ட்வேர் பேரு போட்டிருக்கு, எனக்கு தெரியாது. அத வெறுமனே விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க தம்பி. எசென்ஷியல்ல, அதாவது கட்டாயம் வேணும்ங்குறதுல ஒண்ணு இல்லன்னாதான் கஷ்டம், டிசைரபிள்ங்குறது இருந்தா நல்லது, அவ்ளோதான். அத பயன்படுத்துனதில்லன்னு நேரா சொல்லிட்டு, அதே வேலைய நீங்க எந்த சிஸ்டத்துல செஞ்சீங்க, புதுசா ஒண்ண எப்படி கத்துக்கிட்டீங்கன்னு மூணு நாலு வரி எழுதுங்க. வேர்ட் லிமிட் போட்டிருந்தா தாண்டாதீங்க. அப்புறம் முடியுற நேரம் மெல்பர்ன் நேரம், அவங்க நம்மள விட 2 மணி நேரம் முன்னாடி, அக்டோபர்லருந்து ஏப்ரல் வரைக்கும் 3 மணி நேரம். அங்க ராத்திரி 11:30க்கு மூடுறாங்கன்னா இங்க 9:30, இல்லன்னா 8:30க்கே முடிஞ்சிடும், அதனால சாயங்காலமே அனுப்பிடுங்க.