501-இல் தொடங்கிய ரசீது புத்தகம்: வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர், "ஹிட்லர் கட்சி மாதிரி இருக்கணும், ஒரே தலைவன், கோஷ்டியே கிடையாது" என்கிறார். அந்தக் கட்சியில் நிஜமாகவே உட்கட்சிப் பூசல் இல்லையா?
(ஒரு வாசகர், கோத்தகிரி)

ப: பூசலோடுதான் அந்தக் கட்சியே பிறந்தது. 1919 ஜனவரியில் மியூனிக்கில் ஜெர்மன் தொழிலாளர் கட்சி என்று ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆன்டன் ட்ரெக்ஸ்லர், ரயில்வே பட்டறைத் தொழிலாளி. நம்ம குன்னூர் லோகோ ஷெட்டில் கையில் கிரீஸோடு நிற்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கார்ல் ஹாரர், விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர். ஹாரருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் பேசினால் போதும், அந்த செப்டம்பரில் வந்து சேர்ந்த ஹிட்லருக்கோ மண்டபம் நிறைய ஆள் வேண்டும். அடுத்த ஜனவரிக்குள் ஹாரர் வெளியே போய்விட்டார்.

கட்சி பெரிதாகத் தெரியட்டும் என்று உறுப்பினர் எண்ணை 501-இல் தொடங்கினார்கள். ஹிட்லருடையது 555. பிற்பாடு அவர் தன்னை ஏழாவது உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டது தனிக் கதை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஏனென்றால் எங்கள் பக்கம் பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு ஒரு சங்கம் வைத்தபோது எனக்குக் கிழித்துக் கொடுத்த சந்தா ரசீதில் 507 என்று இருந்தது, அன்றைக்கு அந்தத் திண்ணையில் மொத்தமே ஏழு பேர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1921 கோடையில் ஹிட்லர் பெர்லின் போயிருந்த சமயம், மற்ற நிர்வாகிகள் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டோ டிக்கல் என்ற ஆசிரியரின் குழுவோடு சேருவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். திரும்பி வந்தவர் ஜூலை 11-ஆம் தேதி ராஜினாமா செய்துவிட்டார். கூட்டம் சேர்ப்பது, காசு வருவது எல்லாம் அவர் பேச்சால்தான், அது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திரும்பி வர வேண்டுமென்றால் முழு அதிகாரத்தோடு தலைவர் பதவி வேண்டும் என்றார். எதிர்கோஷ்டி சும்மா இருக்கவில்லை, இவருக்குச் சாப்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு மொட்டை நோட்டீஸ் அடித்து விட்டது. ஒன்றும் எடுபடவில்லை. ஜூலை 29 கூட்டத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் ஆதரவு, எதிர்ப்பு ஒரே ஒரு ஓட்டு. ட்ரெக்ஸ்லருக்குக் கௌரவத் தலைவர் பட்டம். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கே: கட்சிப் பெயரில் 'சோஷலிஸ்ட்' எப்படி வந்தது? அதை நம்பியவர்கள் யாராவது இருந்தார்களா?
(ஒரு கல்லூரி மாணவி, கூடலூர்)

ப: அந்த ஜெர்மன் தொழிலாளர் கட்சிதான் 1920-இல் பெயருக்கு முன்னால் 'தேசிய சோஷலிஸ்ட்' என்று சேர்த்துக்கொண்டு நாஜி கட்சி ஆனது. அதை நம்பியவர்களும் இருந்தார்கள். 1923 நவம்பரில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்று ஹிட்லர் சிறைக்குப் போனதும் கட்சி சிதறியது. போகும்போது கட்சிப் பத்திரிகை ஆசிரியர் ரோசன்பெர்க் கையில் பொறுப்பைக் கொடுத்தார். ரோசன்பெர்க்குக்கு ஆள் சேர்க்கவும் தெரியாது, சேர்ந்த ஆளை வைத்துக்கொள்ளவும் தெரியாது. அதனால்தான் அவரைப் பிடித்தார் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு, எனக்கும் அதே சந்தேகம்தான்.

1925-இல் கட்சியை மறுபடி தொடங்கியபோது வடக்கே கிரெகர் ஸ்ட்ராசர் தனியாக ஒரு அணி கட்டினார், கூடவே கோயபல்ஸ். ஆமாம், பிற்பாடு ஹிட்லரின் பிரசார அமைச்சராக இருந்த அதே கோயபல்ஸ். பழைய மன்னர் குடும்பங்களின் சொத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று இடதுசாரிகள் கேட்டபோது இவர்களும் ஆமாம் போட்டார்கள். ஹிட்லருக்கு அதில் இஷ்டமில்லை. 1926 பிப்ரவரி 14-இல் பாம்பெர்க்கில் கூட்டம் போட்டார். அது பவேரியா ஊர், அவருடைய ஆட்களுக்குப் பக்கம், வடக்கத்திக்காரர்களுக்குத் தூரம். விவாதம் என்று வந்தவர்களிடம் மணிக்கணக்கில் தானே பேசி முடித்துவிட்டார். கோயபல்ஸ் நொந்துபோய் டைரியில் புலம்பினார், இனி ஹிட்லரை முழுசாக நம்ப முடியாது என்று. ஏப்ரலில் அவரை மியூனிக்குக்குப் பேசக் கூப்பிட்டார்கள். ஸ்டேஷனில் இறங்கினால் ஹிட்லரின் காரே வந்து நிற்கிறது! அந்த வருடம் முடிவதற்குள் பெர்லின் மாவட்டமே அவர் பொறுப்பில். டைரியில் புலம்பல் போய்ப் புகழ்ச்சி வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள் தங்கச்சி, இந்த இரண்டு அணிக்கும் சண்டை சொத்து, பதவி பற்றித்தான். யூத வெறுப்பில் இருவரும் ஒரே பக்கம். 'நல்ல நாஜி' என்று ஸ்ட்ராசரைத் தூக்கிப் பிடிக்கிற கட்டுரைகள் கண்ணில் பட்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

கே: அடியாட்படை எஸ்.ஏ. சொந்தக் கட்சி அலுவலகத்தையே அடித்து நொறுக்கியதாமே?
(ஒரு வாசகர், குன்னூர்)

ப: ஆமாம், 1930 ஆகஸ்டில், பெர்லினில். ஸ்டென்னஸ் என்பவர் தலைமையில் காசும் தேர்தல் சீட்டும் கேட்டுக் கிளம்பினார்கள், காவலுக்கு நின்ற எஸ்.எஸ். (ஹிட்லரின் காவல் படை) ஆட்களுக்கும் அடி. ஹிட்லர் ஓடிப்போய்ச் சமாதானம் பேசினார். 1931 ஏப்ரலில் மறுபடி முறுக்கியதும் ஸ்டென்னஸை வெளியேற்றினார்கள். அதற்கு முன்பே, பொலிவியாவிலிருந்து கூப்பிட்டு வந்த எர்ன்ஸ்ட் ரோம் என்ற பழைய ராணுவ அதிகாரி கையில் எஸ்.ஏ. போயிருந்தது. 1934 ஜூன் 30-இல் தொடங்கிய களையெடுப்பில் ரோமும் கொல்லப்பட்டார், கிரெகர் ஸ்ட்ராசரும் கொல்லப்பட்டார். கிரெகர் ஒன்றரை வருடம் முன்பே எல்லாப் பதவியையும் விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தவர், அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

கே: ட்ரெக்ஸ்லர் என்ன ஆனார்?
(ஒரு பள்ளி மாணவன், உதகை)

ப: படுக்கையில்தான் இறந்தார் தம்பி, 1942-இல். அதற்கு இரண்டு வருடம் முன் ஹிட்லருக்கு ஒரு கடிதம் எழுதினார்: நீங்கள் கட்சியில் ஏழாவது ஆள் இல்லை, கமிட்டியில் வேண்டுமானால் ஏழாவது, உங்கள் பழைய அட்டையில் 555 என்றுதான் இருந்தது என்று. எழுதினாரே தவிர, தபாலில் போடவில்லை.