சாவி குடுக்குற வாட்ச்சுக்கு 11 கோடியா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பிலிப் டுஃபோர்ங்கிற சுவிஸ் வாட்ச்காரர் சின்ன பட்டறையில செஞ்ச 'சிம்ப்ளிசிட்டி' வாட்ச் 11 கோடிக்கு ஏலம் போனத பத்தி நாலு வரி பெட்டிச் செய்தி போட்டோம், அவ்ளோதான், கேள்வி குவிஞ்சிருச்சு. பாதி பேர் திட்டியிருக்கீங்க, மீதி பேர் எங்க கிடைக்கும்னு கேட்டிருக்கீங்க. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்றேன்.

தேதி காட்டாது, அலாரம் கெடையாது, தினமும் சாவி வேற குடுக்கணும். இதுக்கு 11 கோடியா? சைபர் ரெண்டு சேத்து அடிச்சுட்டீங்களா?
– வாசகர், சேலம்

சைபர் சரிதான் சார். 2020 நவம்பர்ல ஜெனீவாவுல பிலிப்ஸ்ங்கிற ஏல கம்பெனி நடத்தின ஏலத்துல 13,61,000 சுவிஸ் பிராங்க், அன்னைக்கு ரேட்டுல நம்ம காசுக்கு சுமாரா 11 கோடி. ஆனா இத வச்சு வாட்ச்சோட விலையே 11 கோடின்னு எடுத்துக்காதீங்க, ஏலம்னா ரெண்டு பணக்காரங்க விட்டுக்குடுக்காம கைய தூக்கிட்டே இருந்தா விலை எங்கயோ போய் நிக்கும். 2000ல முதல்ல வந்தப்போ வித்த விலை இதுல ஒரு சின்ன பங்கு தான். ஏலத்துக்கு வந்தது, அந்த மாடலுக்கு 20 வருஷம் ஆனதுக்காக திரும்ப 20 வாட்ச் செய்யப்போறேன்னு அவர் அறிவிச்ச வரிசையில முதல் பீஸ்.

ஆள் யாருன்னும் சொல்லிடறேன். 1948ல வல்லே டு ஜூங்கிற பள்ளத்தாக்குல பொறந்தவர். சுமார் 1000 மீட்டர் உயரம், பனிக்காலம் நீளம், அந்த காலத்துல விவசாயிங்க வெளிய வேலைக்குப் போக முடியாத மாசங்கள்ல வீட்டுக்குள்ள உக்காந்து வாட்ச் பாகம் செஞ்சு பழகின ஊருங்க, ஜேஜர் லெகூல்த்ர், ஓடெமார் பிகே எல்லாம் அந்த பள்ளத்தாக்கு கம்பெனிங்க தான். இவரும் ஜேஜர்ல வேலை பாத்து, பழைய வாட்ச் எல்லாம் சரி பண்ணி, 1992ல சொந்த பேர்ல கால் மணிக்கு ஒரு தரம் தானா மணி அடிக்கிற கிராண்ட் சோனரி வாட்ச்ச கையில கட்டுற சைஸ்ல கொண்டு வந்தார், அதுவரைக்கும் அது பாக்கெட் வாட்ச் சமாச்சாரம். அவ்ளோ சிக்கலானத செஞ்ச மனுஷன், எட்டு வருஷம் கழிச்சு ரெண்டு முள்ளு, கீழ ஒரு குட்டி செகண்ட் முள்ளு, அவ்ளோதான்னு ஒரு வாட்ச்ச நீட்டுறார். 34 மில்லி, 37 மில்லின்னு ரெண்டு சைஸ். அதிகமா வாங்கினது ஜப்பான்காரங்க.

நான் சிஎன்சி பட்டறை வச்சிருக்கேன். இன்னைக்கு மைக்ரான் கணக்குல மெஷினே வெட்டுது. கையால செய்றதுல என்ன பெருமை? சும்மா பழங்கதை தானே?
– வாசகர், கோவை

உங்களுக்குத் தான் இது சீக்கிரம் புரியும். வெட்டுறதுக்கு மெஷின் தான் சரி, அதுல சண்டையே இல்ல. விஷயம் வெட்டி முடிச்ச பிறகு.

உள்ள இருக்கிற சக்கரங்கள மேல பிடிச்சு நிறுத்துற தகடு இருக்குல்ல, பிரிட்ஜ்னு சொல்வாங்க, அதோட விளிம்பு முழுக்க 45 டிகிரில சேம்ஃபர் அடிச்சு, அதாவது ஓரத்த சாய்வா சீவி, பாலிஷ் பண்ணணும். வெளி வளைவுன்னா மெஷின் செஞ்சுடும். உள் மூலைன்னு ஒண்ணு வரும், ரெண்டு சேம்ஃபர் உள்பக்கமா வந்து சந்திக்கிற இடம், அங்க சுத்துற கட்டர் எதுவா இருந்தாலும் தன்னோட ரேடியஸ விட்டுட்டுத் தானே வெளிய வரும், எவ்ளோ சின்ன டூல் போட்டாலும் மூலை உருண்டு தான் நிக்கும். அது ஒரே கூர்ப்பான கோடா சந்திக்கணும்னா கை அரம் தான் வழி, அதுவும் லென்ஸ கண்ணுல மாட்டிக்கிட்டு. சிம்ப்ளிசிட்டிய பின்பக்கம் திருப்பினா ரசிகருங்க முதல்ல தேடுற இடம் அந்த மூலைங்க தான்.

அரம் போட்டப்புறம் பாலிஷ். அதுக்கு அந்த மலையிலயே வளர்ற ஜென்ஷன்னு ஒரு மஞ்சப்பூ செடி, அதோட காஞ்ச தண்டு. மெத்துன்னு இருக்கிறதால பேஸ்ட்ட பிடிச்சு வச்சுக்கும், உலோகத்துல கீறல் விழாது, முனை தேயத் தேய சீவிக்கிட்டே தேய்க்கணும். (அந்த செடியோட வேர்ல சாராயம் எடுப்பாங்க, ஒண்ணும் வீணாப் போறதில்ல.) ஜப்பான்ல ஷியோஜிரியில சீக்கோவுக்குன்னு ஒரு சின்ன டீம் இருக்கு, அவங்களும் டுஃபோர்கிட்ட கேட்டு கத்துக்கிட்டு ஜென்ஷன் தண்டு வச்சு தான் வேலை பாக்குறாங்க. ஸ்க்ரூ தலை மாதிரி எஃகு சாமான்னா வெள்ளீயத் தட்டுல வைரப் பொடி பேஸ்ட் தடவி அதுல வச்சு தேய்ப்பாங்க, ஒரு பக்கம் சாய்ச்சா பளிச்சுன்னு இருக்கும், இன்னொரு பக்கம் சாய்ச்சா மொத்தமா கருப்பா தெரியும், பரப்பு அவ்ளோ மட்டமா இருந்தா தான் அப்படி வரும். பஃப் வீல்ல (சுத்துற துணிச் சக்கரம்) போட்டாலும் பளபளப்பு வரும்தான், ஆனா விளிம்பு மழுங்கிடும், நான் சொல்லி உங்களுக்குத் தெரியணும்னு இல்ல.

இதுல ஒரு நியாயமும் சொல்லிடணும். இத்தனை பாலிஷுக்கும் டைம் சரியா ஓடுறதுக்கும் பெருசா சம்பந்தம் கெடையாது. அது கண்ணுக்கு. சாவி குடுக்குற வாட்ச்ல ஆட்டோமேட்டிக்ல கை அசைய அசைய சுத்தி தானா சாவி ஏத்துற ரோட்டர் தகடு இல்லாததால பின்பக்க கண்ணாடி வழியா எல்லாமே தெரியும், மறைக்க எதுவும் இல்ல, அதனால தான் இந்த மாதிரி ஆளுங்க சாவி வாட்ச்சயே பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. வாட்ச் மெலிசா வர்றதும் அதனால தான்.

'லிமிடெட் எடிஷன்'னு போட்டாலே வியாபார தந்திரம்னு நெனைக்கிறேன். சரியா?
– வாசகி, மதுரை

முக்கால்வாசி சரிங்க. கலர மாத்தி, பின்பக்கம் நம்பர் அடிச்சு, 'உலகத்துலயே 500 தான்'னு விளம்பரம், அடுத்த மாசம் வேற கலர்ல இன்னொரு 500. இவர் கதை வேற. 1996ல டியுயாலிட்டின்னு ஒரு வாட்ச், 25 செய்யலாம்னு ஆரம்பிச்சு 9 தான் முடிச்சார். சிம்ப்ளிசிட்டி 100னு ஆரம்பிச்சு ஆர்டர் நிக்காததால 200க்குப் போச்சு, அத முடிக்க பத்து வருஷத்துக்கு மேல. எண்ணிக்கைய கை தான் முடிவு பண்ணுது, விளம்பரம் எழுதுறவர் இல்ல.

சின்ன கம்பெனி எதுவும் இப்படி ரிலீஸ் பண்ணினா ரெண்டு கேள்வி கேளுங்க, வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க, உள்ள ஓடுற மூவ்மென்ட், அதாவது வாட்ச்சோட இயந்திரம், யாரோடது. நெறைய பேர் ரெடிமேடா வாங்கி தான் போடுறாங்க, சாவி வாட்ச்னா சுவிஸ்ல ஈடிஏ 7001 (வெறும் 2.5 மில்லி கனம், அருமையான சாமான்), செலிட்டா 210, சீனாவுல சீகல் எஸ்டி36, இப்படி. வாங்கி போடுறது தப்பே இல்ல, ஆனா அத சொல்லாம 'எங்க கைவண்ணம்'னு பேசினா அந்த கடைய தாண்டி நடந்துடுங்க.

ஓசூர்ல குவார்ட்ஸ் வாட்ச் அசெம்பிளியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவன் நான். துல்லியத்துல எங்க வாட்ச்சுக்கு முன்னாடி இது நிக்குமா?
– வாசகர், ஓசூர்

நிக்காதுங்கய்யா. பேட்டரி வாட்ச்சுக்குள்ள இருக்கிற குவார்ட்ஸ் கல்லு செகண்டுக்கு 32,768 தரம் அதிருது, சிம்ப்ளிசிட்டியோட பேலன்ஸ், அதாவது முன்னும் பின்னும் ஆடுற சக்கரம், மணிக்கு 18,000, அதாவது செகண்டுக்கு 5 அடி. சாதா குவார்ட்ஸ் மாசத்துக்கு 15 செகண்ட் தப்பும், மெக்கானிக்கல்ல சுவிஸ் சர்டிபிகேட் வாங்கினதே ஒரு நாளைக்கு மைனஸ் 4ல இருந்து ப்ளஸ் 6 செகண்ட் வரைக்கும் அனுமதி. ஜெயிச்சது நீங்க தான்.

தாத்தாவோட எச்எம்டி ஜனதா பீரோவுல கெடந்துச்சு. தினம் சாவி குடுக்கலாமா? ஓவரா குடுத்தா ஸ்பிரிங் அறுந்துடும்கிறாங்களே?
– வாசகர், நாகர்கோவில்

தாராளமா குடுங்க தம்பி, ஆனா முதல்ல சர்வீஸ். வருஷக்கணக்கா கெடந்ததுல எண்ணெய் காஞ்சு போயிருக்கும், அப்படியே ஓட்டினா உள்ள தேயும். அப்புறம் தினமும் காலையில ஒரே நேரத்துல, கையில இருந்து கழட்டி வச்சுக்கிட்டு சாவி குடுங்க, கையில கட்டினபடியே குடுத்தா தண்டு சாய்வா இழுபடும். டைட்டா வந்து நிக்கும், அங்க நிறுத்திடுங்க, அதுக்கு மேல முறுக்கினா தான் ஆபத்து. ரிப்பேர்காரர் 'டயல் மங்கிடுச்சு, புதுசு போட்டுடலாமா'ன்னு கேட்டா கண்டிப்பா வேணாம்னு சொல்லுங்க. எச்எம்டி வாட்ச் கம்பெனிய மூட 2016ல மத்திய அரசு முடிவெடுத்துடுச்சு, ஒரிஜினல் டயல் போனா போனது தான். அவர் கழட்டி பேப்பர்ல மடிச்சு வச்சிருக்கிற பழைய பாகம் எதுவும் இருந்தா அதையும் கேட்டு வாங்கிக்கோங்க.

அப்பா ரிட்டயர் ஆகுறார். 40 ஆயிரத்துக்குள்ள இந்த மாதிரி ஒரு வாட்ச் வாங்கித் தரணும். எத பாக்கணும்?
– வாசகி, சென்னை

36ல இருந்து 38 மில்லி, சட்டை கை பட்டன் போட்டா உள்ள போற அளவு மெலிசு, தேதி இல்லாத டயல். பிராண்ட் பேர் சொல்ல மாட்டேன், மேல சொன்ன ரெண்டு கேள்வியையும் கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்கம்மா. சென்னை வேர்வைக்கு லெதர் ஸ்ட்ராப் சீக்கிரம் நாறும், அதனால உபரியா ஒரு ஸ்ட்ராப் வாங்கி வைங்க. தண்ணிக்கு இந்த வகை வாட்ச் தாங்காது, கை கழுவுறப்போ அவர் கழட்டுவாரான்னு யோசிங்க. எல்லாத்துக்கும் மேல, அப்பா தினமும் காலையில சாவி குடுக்குற ஆளா? மறந்துடுற ஆளுன்னா நல்ல குவார்ட்ஸா வாங்கிக் குடுத்துட்டு மீதி காசுல ரெண்டு பேரும் எங்கயாவது ஊர் சுத்திட்டு வாங்க.